இரட்டை மெக்கானிக்கல் சீல்களின் தடுப்புத் திரவ அமுக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்கில் வாழைச்சேனைக் கடதாசி ஆலையும் ஹிங்குராண சீனித் தொழிற்சாலையும் கட்டப்பட்ட காலத்தில், உலகெங்கும் பெரும்பாலான பம்பிகளின் சுழல்தண்டைச் சுற்றிக் கிளாண்ட் பெக்கிங் எனும் கயிறு போன்ற அடைப்புத்தான் இடப்பட்டது. அது சொட்டுச் சொட்டாகக் கசிவதே சரியான நிலை என்று கருதப்பட்டது. இன்று எதனோல், காரம், கரைப்பான், சூடான பாகு போன்றவற்றைக் கையாளும் பம்பிகளில், சுழலும் முகமும் நிலையான முகமும் நெருங்கி நின்று கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல்கள், அதுவும் இரட்டையாக, வந்துவிட்டன. சீல் நல்லதாக இருந்தும், அதற்குக் கொடுக்கப்படும் தடுப்புத் திரவத்தின் அமுக்கம் தவறாக வைக்கப்பட்டதனால் அது சில வாரங்களிலேயே கெட்டுப்போவதைக் கிழக்கிலுள்ள பராமரிப்புப் பிரிவினர் பலர் கண்டிருப்பார்கள். புதிய சீலைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துப் பொருத்துவதற்குள் உற்பத்தி நாட்கள் வீணாகின்றன. அதைவிட முக்கியமாக, பம்பிக்கு அருகில் நிற்பவரின் உடம்புக்கு ஆபத்து நேர்கிறது. ஆலைகளில் வேலை செய்வோரும், அம்பாறை ஹார்டி நிறுவனம், மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் பயில்வோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்குக் கீழே விடை தரப்பட்டுள்ளது. அமுக்கம் என்று குறிப்பிடும் இடங்களில், வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், கேஜ் காட்டும் அமுக்கத்தையே கருதவும்.

தடுப்புத் திரவம் என்பது என்ன? அதற்கு ஏன் அமுக்கம் வேண்டும்?

இரட்டை சீலில் இரண்டு சோடி முகங்கள் உள்ளன. உட்சீல் பம்பியின் பக்கமும், வெளிச்சீல் வளிமண்டலத்தின் பக்கமும் இருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடத்தில் சுத்தமான வேறொரு திரவத்தைச் சுற்றோட விடுகிறோம். அந்தத் திரவத்தின் அமுக்கம் பம்பியின் சீல் அறையிலுள்ள, அதாவது உட்சீலைத் தொட்டு நிற்கும் பம்பித் திரவத்தின், அமுக்கத்தை விடக் கூடுதலாக இருந்தால் அது தடுப்புத் திரவம் எனப்படும்.

மெக்கானிக்கல் சீலின் முகங்கள் முற்றாக ஒட்டிக்கொண்டு சுழல்வதில்லை. அவற்றுக்கிடையே மிக மெல்லிய திரவப் படலம் ஒன்று இருந்தே ஆக வேண்டும், அதுவே மசகாகிறது. எந்தப் பக்கத்தில் அமுக்கம் கூடுதலோ, அந்தப் பக்கத்துத் திரவமே முகங்களுக்கிடையே நுழையும். ஆகவே தடுப்புத் திரவத்தின் அமுக்கம் மேலோங்கியிருக்கும் வரை உட்சீலின் முகங்களைச் சுத்தமான திரவம் நனைக்கிறது. சிறிதளவு கசிந்தாலும் அது பம்பிக்குள்ளேயே போகிறது. அமுக்கம் கீழிறங்கிய கணத்திலிருந்து பம்பியிலுள்ள பொருள், அது பளிங்காகும் பாகாயினும் நார் கலந்த கூழாயினும், முகங்களுக்கிடையே புகத் தொடங்கும். எதனோலில் இது இன்னும் பாரதூரமானது. தூய எதனோலின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ்தான் என்பதால், நமது மாவட்டங்களின் வெயிலில் மட்டுமல்ல, மாரி இரவிலும் அதன் ஆவி தீப்பற்றக்கூடிய நிலையிலேயே இருக்கிறது.

இரட்டை சீல் பொருத்தப்பட்ட எல்லாப் பம்பிகளுக்கும் இவ்வாறு அமுக்கம் கொடுக்க வேண்டுமா?

இல்லை. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவகத்தின் ஏ.பி.ஐ. 682 நியமம், இரட்டை சீல்களை இரண்டு ஏற்பாடுகளாகப் பிரிக்கிறது (முதலாம் ஏற்பாடு ஒற்றை சீலுக்குரியது). இரண்டாம் ஏற்பாட்டில் நடுவிலுள்ள திரவம் சீல் அறையை விடக் குறைந்த அமுக்கத்தில் இருக்கும். அதைப் பஃபர் திரவம் என்பார்கள், அதற்குரிய குழாயமைப்பு பிளான் 52 ஆகும். மூன்றாம் ஏற்பாட்டிலேயே அமுக்கமூட்டப்பட்ட தடுப்புத் திரவம் வருகிறது. பிளான் 53ஏ, 53பி, 53சி, 54 ஆகியன அதற்குரியவை. 53ஏயில் கலனிலுள்ள திரவத்தை நைதரசன் வாயு நேரடியாக அமுக்குகிறது; 53பியில் றப்பர்ப் பைக்குள் அடைத்த நைதரசனும், 53சியில் பிஸ்டனும், 54இல் தனிப் பம்பியும் அமுக்கத்தைத் தருகின்றன.

வெளிப்பார்வைக்கு பிளான் 52இன் கலனும் 53ஏயின் கலனும் ஒரே மாதிரி இருப்பதால், ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. பிளான் 52க்கென வடிவமைக்கப்பட்ட உட்சீல், எதிர்த்திசையிலிருந்து வரும் அமுக்கத்தைத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நைதரசன் இணைப்பைத் திறப்பதற்கு முன்னர் சீலின் வரைபடத்தைப் பார்த்து எந்த ஏற்பாடு என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வரைபடம் ஆலையில் இல்லாவிட்டால் சீலில் பொறிக்கப்பட்ட இலக்கத்தைக் கொண்டு உற்பத்தியாளரிடம் கேளுங்கள். ஊகித்துத் திறக்க வேண்டாம்.

சரி, எவ்வளவு அமுக்கம் வைக்க வேண்டும்?

ஏ.பி.ஐ. 682 கூறும் அடிப்படை அளவு, சீல் அறையின் அமுக்கத்தை விட ஆகக்குறைந்தது 1.4 பார், அதாவது 20 பி.எஸ்.ஐ. கூடுதல். சீல் உற்பத்தியாளர்கள் பலர் இதையொட்டிய அளவையோ, இதைவிடச் சற்றுக் கூடுதலான அளவையோ தருவார்கள். தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இந்த விடையில் பலரும் மனதில் வைத்துக்கொள்வது 1.4 என்ற எண்ணை மட்டுமே. கவனிக்க வேண்டியது "சீல் அறையின் அமுக்கத்தை விட" என்ற சொற்றொடர். அயல் பம்பியில் 4 பார் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக இந்தப் பம்பியிலும் 4 பார் வைப்பதும், வெளியேற்றக் குழாயிலுள்ள கேஜைப் பார்த்து அதற்கு மேல் 1.4 கூட்டுவதும் ஒரே வகையான தவறுகளே. முதலாவது வழியில் அமுக்கம் போதாமல் போகலாம். இரண்டாவது வழியில் பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சிப் போகும். அத்துடன் 1.4 என்பது ஒருபோதும் குறையக்கூடாத எல்லையே தவிர, வேலை செய்யும் அளவு அல்ல. அலாரத்தை அந்த எல்லையில் வைத்து, வேலை அமுக்கத்தை அதற்குச் சற்று மேலே வைப்பதே முறை.

அலகுகளையும் கவனியுங்கள். ஒரே ஆலையில் பார், பி.எஸ்.ஐ., சதுர சென்ரிமீற்றருக்குக் கிலோகிராம் என மூன்று அலகுகளில் கேஜ்கள் இருப்பது சாதாரணம். 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. அல்லது சதுர சென்ரிமீற்றருக்கு 1.02 கிலோகிராம். கடைசி இரண்டில் ஒன்றை மற்றொன்றாக வாசித்தால் பதினான்கு மடங்கு பிழை வரும்.

சீல் அறையின் அமுக்கத்தை எப்படி அறிவது? அங்கே கேஜ் எதுவும் இல்லையே.

முழு விடயமும் தங்கியிருப்பது இந்தக் கேள்வியில்தான்; ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மிகச் சிறந்த வழி அளந்து பார்ப்பதே. பெரும்பாலான பம்பிகளின் சீல் அறையிலோ சீல் தகட்டிலோ, மறையிட்டு மூடப்பட்ட துளை ஒன்று இருக்கும். பம்பியை நிறுத்தி, வெறுமையாக்கி, பாதுகாப்பு அனுமதியுடன் அந்தத் துளையில் ஒரு வால்வையும் கேஜையும் பொருத்திவிட்டால் அதன்பின் ஊகத்துக்கு இடமே இல்லை. ஒரு தடவை செய்யும் இந்தச் சிறு வேலை பின்வரும் பல வருடங்களுக்குப் பயன் தரும். அப்படியிருந்தும் இதைத் தவிர்த்துவிடுகிறோம் என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

அளக்க முடியாதபோது பம்பியின் வகையைக் கொண்டு கணிக்கலாம். இம்பெல்லரின், அதாவது திரவத்தைத் தள்ளும் சுழல்சக்கரத்தின், பின்புறத்தில் தேய்வு வளையமும் அங்குள்ள அமுக்கத்தைக் குறைக்கும் சமநிலைத் துளைகளும் கொண்ட ஒற்றைக் கட்டப் பம்பியில் (ஒரே இம்பெல்லர் உள்ளது), சீல் அறையின் அமுக்கம் உறிஞ்சல் அமுக்கத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். உறிஞ்சலுக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ 10 முதல் 25 வீதம் வரை கூட்டிக்கொள்வது வழக்கம். துளைகளோ பின்புற இதழ்களோ இல்லாத இம்பெல்லராயின் சீல் அறை வெளியேற்ற அமுக்கத்தை நெருங்கிவிடும். இரு பக்கத்தாலும் உறிஞ்சும் பம்பியில் சீல் அறை ஏறக்குறைய உறிஞ்சல் அமுக்கத்திலேயே இருக்கும். நிலைக்குத்துப் பம்பிகளில் சீல் மேலே, வெளியேற்றும் பக்கத்தில் இருப்பதால், உறிஞ்சல் பக்கத்துக்குத் திருப்பிவிடும் குழாய் இல்லாவிட்டால் முழு வெளியேற்ற அமுக்கமும் அங்கே இருக்கும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எதனோல் சேமிப்புத் தாங்கி ஒன்றிலிருந்து சமநிலைத் துளையுள்ள ஒற்றைக் கட்டப் பம்பி ஒன்று உறிஞ்சுகிறது. தாங்கி நிரம்பியிருக்கும்போது பம்பிக்கு மேல் 8 மீற்றர் எதனோல் நிற்கிறது. எதனோலின் சார்படர்த்தி ஏறத்தாழ 0.79, ஒரு மீற்றர் நீர் 0.098 பார் என்பதால் உறிஞ்சல் அமுக்கம் 8 × 0.79 × 0.098, அதாவது ஏறத்தாழ 0.62 பார். பம்பி அதற்கு மேல் 4 பார் ஏற்றுகிறது, வெளியேற்றத்தில் 4.62 பார். கூடிய பக்கமாக வித்தியாசத்தின் 25 வீதத்தை எடுத்தால், சீல் அறையில் 0.62 உடன் 1.0 சேர்ந்து 1.62 பார். இதனுடன் 1.4 ஐக் கூட்ட 3.02 வரும். ஆகவே குறைந்த அமுக்க அலாரத்தை 3.0 பாரிலும், வேலை அமுக்கத்தை 3.5 பாரிலும் வைக்கலாம். வெளியேற்றக் கேஜைப் பார்த்துக் கணக்கிட்டிருந்தால் 6 பாருக்கு மேல் போயிருப்போம்.

தாங்கி நிரம்பிய நிலையை எடுத்தேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். பாதித் தாங்கியில் அளந்துவிட்டு அமுக்கத்தை அமைத்தால், தாங்கி நிரம்பிய நாளில் இடைவெளி சுருங்கிவிடும். சீல் அறையில் எந்த நிலையிலாயினும் வரக்கூடிய ஆகக்கூடிய அமுக்கத்தையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் மாற்றுப் பம்பிக்கும் இதே கணக்குத்தானா?

அல்ல, பலர் தவறவிடும் இடம் இது. மேலே சொன்ன பம்பிக்கு இணையாக இன்னொரு பம்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடுகின்ற பம்பியின் வெளியேற்றக் குழாயில் 4.62 பார் உள்ளது. நிற்கின்ற பம்பியின் வெளியேற்ற வால்வு திறந்திருக்கிறது. அதைக் காப்பது, திரவம் பின்னோக்கி வராமல் தடுக்கும் நொன் ரிட்டர்ன் வால்வு மட்டுமே. அந்த வால்வு சற்றுக் கசிந்து, உறிஞ்சல் வால்வை யாரோ மூடியும் விட்டிருந்தால், நிற்கின்ற பம்பியின் உறை முழுவதும் மெதுவாக 4.62 பாருக்கு ஏறிவிடும். அதன் தடுப்புத் திரவம் 3.5 பாரில்தான் இருக்கிறது. ஓடாத பம்பியின் சீலில் எதனோல் உட்புகுவது இவ்வாறுதான்; அடுத்த தடவை ஓடவிடும்போது பழி சீலின் மேல் விழும்.

மாற்றுப் பம்பியின் உறிஞ்சல் வால்வைத் திறந்தே வைப்பது, நொன் ரிட்டர்ன் வால்வைச் சோதிப்பது, அல்லது இரண்டு பம்பிகளுக்கும் இந்த ஆகக்கூடிய அமுக்கத்துக்கு மேலாகவே தடுப்பமுக்கத்தை வைக்க முடியுமா என்று சீல் உற்பத்தியாளரிடம் கேட்பது ஆகியவற்றில் ஒன்றைச் செய்ய வேண்டும். முதல் இரண்டையும் சேர்த்துச் செய்வதே என் பரிந்துரை.

வெற்றிடத்திலிருந்து உறிஞ்சும் பம்பியில் அமுக்கமே தேவையில்லை என்கிறார்களே?

சீனி ஆலையின் ஆவியாக்கிகளில் கடைசிக் கலன் வளிமண்டலத்துக்குக் கீழே ஏறத்தாழ 0.85 பார் வெற்றிடத்தில் வேலை செய்யும். அங்கிருந்து பாகை எடுக்கும் பம்பியின் சீல் அறை ஓடும்போது வெற்றிடத்திலும் இருக்கக்கூடும். அதனால் "மைனஸ் 0.85 உடன் 1.4 சேர்த்தால் 0.55 பார் போதும்" என்று கணக்கிடுவதுண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணக்குச் சரியாகலாம். வெற்றிடம் உடைக்கப்பட்டு, கலனில் பாகு நிற்கும்போது சீல் அறைக்கு வருவது வளிமண்டல அமுக்கமும் பாகின் உயரமும் சேர்ந்த அமுக்கமாகும். பாகின் அடர்த்தி நீரை விடக் கூடியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே வெற்றிடத்தைப் பூச்சியமாகவே எடுத்து, அதற்கு மேல் நிற்கும் திரவத்தின் உயரத்தையும் கூட்டி, அதன்மேல் 1.4 ஐச் சேர்ப்பதே பாதுகாப்பானது.

கூடுதலாக வைத்துவிட்டால் பாதுகாப்புத்தானே?

ஓர் அளவுக்கு மேல் கூடுதல் அமுக்கமே சீலைக் கொல்லும். முகங்களை ஒன்றோடொன்று நெருக்கும் விசை அமுக்க வித்தியாசத்துடன் கூடுகிறது. திரவப் படலம் மெலிகிறது. உராய்வு வெப்பம் ஏறுகிறது. காபன் முகத்தில் கொப்புளங்களும், எண்ணெய் கறுத்துப்போவதும், முகத்தின் ஓரத்தில் கரிப்படிவும் இதன் அடையாளங்கள்.

பெரிதும் அடி வாங்குவது வெளிச்சீலே. மேலுள்ள உதாரணத்தில் தடுப்பமுக்கம் 3.5 பாராக இருக்கும்போது உட்சீல் தாங்குவது 1.88 பார், வெளிச்சீலின் மறுபக்கம் வளிமண்டலம் என்பதால் அது முழு 3.5 பாரையும் தாங்குகிறது. இதை 7 பாருக்கு உயர்த்தினால் வெளிச்சீலின் சுமை இரு மடங்காகிறது. உட்சீலின் சுமை 5.38 பார், அதாவது ஏறத்தாழ மூன்று மடங்கு. பம்பிக்குள் கசியும் தடுப்புத் திரவத்தின் அளவும் கூடும்; உணவுப் பொருளையோ விற்பனைக்குரிய எதனோலையோ கையாளும் ஆலைக்கு அது தனிப் பிரச்சினை.

நைதரசனுக்குப் பதிலாக ஆலையின் அமுக்கக் காற்றைக் கொடுக்கலாமா?

தீப்பற்றும் பொருளைக் கையாளும் பம்பியிலும், எண்ணெயைத் தடுப்புத் திரவமாகக் கொண்ட தொகுதியிலும் கொடுக்கவே கூடாது. கலனுக்குள் காற்றிலுள்ள ஒட்சிசனும் எரியக்கூடிய ஆவியும் ஒன்றுசேரும் இடத்தை நாமே உருவாக்கிவிடுகிறோம். அத்துடன் ஆலைக் காற்றில் ஈரமும் எண்ணெயும் இருக்கும். அதன் அமுக்கம் மற்ற இயந்திரங்களின் பாவனைக்கேற்ப ஏறி இறங்கும்.

நைதரசனிலும் ஓர் எல்லை உண்டு. பிளான் 53ஏயில் வாயுவும் திரவமும் நேரடியாகத் தொடுவதால், அமுக்கம் கூடக்கூட நைதரசன் திரவத்தில் கரைகிறது. ஏறத்தாழ 10 பாருக்கு மேல் இது தொந்தரவாகும் என்பதால் அதற்கப்பால் 53பி அல்லது 53சி தெரிவுசெய்யப்படுகிறது. அமுக்கத்தைத் திடீரென வெளியே விட்டால் கரைந்த வாயு நுரையாக வெளிவந்து, சுற்றோட்டத்தை நிறுத்திவிடும். ஆகவே மெதுவாகவே இறக்குங்கள். சிலிண்டரைப் பாவிப்போர், அது வெறுமையாவதற்கு முன்னரே மாற்றுவதற்கு இரண்டாவது சிலிண்டரை அருகில் வைத்திருக்க வேண்டும். நமது பகுதிக்கு சிலிண்டர் வந்து சேர எடுக்கும் நேரத்தைச் சேர்த்தே இருப்பைத் திட்டமிடுங்கள்.

பம்பியைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் எந்த ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும்? மின்வெட்டில் என்ன நடக்கும்?

தடுப்புத் திரவம் முதலில் வந்து கடைசியில் போக வேண்டும். கலனை நிரப்பி, குழாய்களிலுள்ள காற்றை முழுதாக வெளியேற்றி, தடுப்பமுக்கத்தை அமைத்த பின்னரே உறிஞ்சல் வால்வைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது பம்பியை நிறுத்தி, வால்வுகளை மூடி, உறையை வடித்து, அதன் அமுக்கம் பூச்சியமானதை உறுதிசெய்த பின்னரே தடுப்பமுக்கத்தை இறக்கலாம். பழுதுபார்க்கும் அவசரத்தில் நைதரசனை முதலில் மூடிவிடும் பழக்கம் மிகவும் கெட்டது.

மின்வெட்டின்போது 53ஏ, 53பி, 53சி ஆகியன அமுக்கத்தைத் தாமாகவே வைத்திருக்கும். அங்கே மின்சாரத்துக்கு வேலையில்லை. பிளான் 54 வேறு வகை: தனியான மோட்டர் ஒன்றே திரவத்தைச் சுற்றோட்டி அமுக்கத்தைத் தருவதால், மின்சாரம் நின்றவுடன் பாதுகாப்பும் நின்றுவிடும். பம்பியின் உள்ளேயோ தாங்கியின் உயரமும் வெளியேற்றக் குழாயின் அமுக்கமும் அப்படியே இருக்கும். இவ்வகைத் தொகுதிக்கு, அமுக்கத்தைச் சேமித்து வைக்கும் கலனான அக்குமுலேட்டர் ஒன்றோ, ஜெனரேட்டர் இணைப்போ இல்லாமல் நமது மாவட்டங்களில் வேலை செய்வது உகந்ததல்ல.

53பி தொகுதியில் காலையில் ஓர் அமுக்கமும் நண்பகலில் வேறோர் அமுக்கமும் காட்டுகிறது. கேஜ் பழுதா?

பெரும்பாலும் இல்லை. 53பியில் அக்குமுலேட்டரின் றப்பர்ப் பைக்குள் அடைக்கப்பட்ட நைதரசனே திரவத்தை நெருக்குகிறது; அடைபட்ட வாயு சூடானால் அமுக்கம் ஏறும். கணக்கைத் தனியமுக்கத்திலும் (கேஜ் அளவுடன் வளிமண்டலத்தின் ஏறத்தாழ 1 பாரைக் கூட்டியது) கெல்வினிலும் செய்ய வேண்டும். 27 பாகையில், அதாவது 300 கெல்வினில், கேஜ் 12 பார் காட்டினால் தனியமுக்கம் ஏறத்தாழ 13 பார். கச்சான் வீசும் மாதங்களில், கூரையில்லாத இடத்தில் வெயில் நேரே படும் அக்குமுலேட்டர் 57 பாகைக்கு, அதாவது 330 கெல்வினுக்குச் சூடானால், 13 ஐ 330 ஆல் பெருக்கி 300 ஆல் வகுக்க 14.3 வரும், கேஜ் 13.3 பார் காட்டும். மாரி இரவில் 24 பாகைக்கு இறங்கினால் அது 11.9 ஐ நெருங்கும். எந்தக் கசிவும் இல்லாமலேயே ஒன்றரைப் பார் வரை ஏறி இறங்கிவிட்டது.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து என்னவென்றால், 53பியில் கசிவைக் காட்டும் முக்கிய அறிகுறி அமுக்கம் குறைவதுதான். உச்சி வெயிலில் வாசிப்பவர், திரவம் கணிசமாகக் குறைந்திருந்தும் "நேற்றைய அளவேதான்" என்று எழுதிவிடுவார். ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், விடியற்காலையில் என்றால் மிக நல்லது, அமுக்கத்தையும் அக்குமுலேட்டரின் வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள். அதற்குமேல் ஒரு தகரக் கூரையும் அமைத்துக்கொடுங்கள்.

பையின் முன்னூட்ட அமுக்கத்தை, அதாவது திரவம் சேர்க்குமுன் பைக்குள் அடைத்த நைதரசனின் அமுக்கத்தை, திரவப் பக்கம் பூச்சியமாக இருக்கும்போது மட்டுமே அளக்க முடியும். திரவத்தின் ஆகக்குறைந்த வேலை அமுக்கத்தின் ஏறத்தாழ 90 வீதம் என்பது பொதுவான அளவு. அளந்த வெப்பநிலையை அருகில் எழுதாத முன்னூட்ட எண்ணுக்குப் பயனில்லை.

கலனில் மட்டம் குறைந்துகொண்டே போகிறது. எங்கே போகிறது?

மூன்று வழிகள்தான் உண்டு: உட்சீல் வழியே பம்பிக்குள், வெளிச்சீல் வழியே வெளியே, அல்லது குழாய் இணைப்புகள் வழியே. வெளிச்சீலின் வடிகால் துளைக்குக் கீழே சுத்தமான வெள்ளைத் துணியைப் பிடித்தால் இரண்டாவது தெரிந்துவிடும். இணைப்புகளில் சவர்க்கார நுரையை நைதரசன் நிற்கும் மேற்பகுதிக்குப் பூசுங்கள். திரவம் நிற்கும் பகுதியைத் துடைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒன்றும் இல்லையென்றால் உட்சீல்தான். மிகச் சிறிதளவு குறைவது இயல்பு. ஒரே வேகத்தில் குறைந்து வந்த மட்டம் திடீரென வேகமாகக் குறையத் தொடங்கினால் சீலை மாற்ற ஆயத்தமாகுங்கள்.

மட்டம் ஏறினால்?

பம்பியை நிறுத்துங்கள். 53ஏயில் யாரும் நிரப்பாமல் மட்டம் ஏறுகிறது என்றால், பம்பியிலுள்ள பொருள் உள்ளே வருகிறது; அதாவது ஏதோவொரு நேரத்தில் சீல் அறையின் அமுக்கம் தடுப்பமுக்கத்தை வென்றிருக்கிறது. திரவத்தின் நிறம், மணம் ஆகியன உறுதிப்படுத்தும். எதனோல் பம்பியாயின் கலனைத் திறப்பதற்கு முன் தீ மூலம் எதுவும் அருகில் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் திரவத்தைப் பாவிக்கலாம்?

பம்பியிலுள்ள பொருளுடன் சேர்ந்தால் கேடு விளைவிக்காததும், வேலை வெப்பநிலையில் கொதிக்காததும், மசகுத் தன்மை உள்ளதுமாக இருக்க வேண்டும். அது எதிர்கொள்ளும் வெப்பநிலையை விட ஆகக்குறைந்தது 28 பாகை மேலே கொதிநிலை இருப்பது நல்லது. உணவுத் தொழிலுக்குப் புரோப்பிலீன் கிளைக்கோலும் நீரும் கலந்த கலவை பொருந்தும். வாகன ரேடியேற்றருக்கு ஊற்றும் கூலன்ற்றை ஊற்ற வேண்டாம்; அதிலுள்ள சேர்க்கைகள் சீல் முகத்தில் படிந்துவிடும். கிணற்று நீரும் வேண்டாம். வாவியோரத்துக் கிணறுகளின் உவர்த்தன்மை நாம் அறிந்ததே. காய்ச்சி வடித்த நீரையோ கனியம் நீக்கிய நீரையோ எடுங்கள்.

அமுக்கம் சரியாகவே இருக்கிறது, ஆனாலும் சீல் சூடாகிறது. ஏன்?

அமுக்கம் இருப்பதும் சுற்றோட்டம் இருப்பதும் ஒன்றல்ல. சீலிலிருந்து கலனுக்குப் போகும் குழாய் சூடாகவும், கலனிலிருந்து திரும்பி வரும் குழாய் அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் நீர் கலந்த திரவத்தில் 8 பாகைக்கும், கனிய எண்ணெயில் 16 பாகைக்கும் உட்பட்டிருப்பது நல்லது. சீல் சூடாக இருந்தும் குழாய்களில் வித்தியாசமே தெரியாவிட்டால், காற்று அடைத்துச் சுற்றோட்டம் நின்றிருக்கலாம். குழாய்கள் கலனை நோக்கித் தொடர்ந்து மேலேறிச் செல்கின்றனவா என்று பாருங்கள். குழாய் நடுவில் கீழிறங்கி மீண்டும் ஏறினால், அது இறங்கத் தொடங்கும் உச்சியில் காற்று தங்கிவிடும்.

ஷிஃப்ட் புத்தகத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

சீல் அறையின் அமுக்கம், தடுப்பமுக்கம், இவ்விரண்டின் வித்தியாசம், கலனின் மட்டம், இரு குழாய்களின் வெப்பநிலை, நைதரசன் சிலிண்டரின் மீதி அமுக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். வித்தியாசத்துக்குத் தனி நிரல் ஒன்று வேண்டும் என்று வலியுறுத்துவேன். அது இல்லாத புத்தகத்தில் இரண்டு எண்களும் தனித்தனியே சரியாகத் தோன்றும், இடைவெளி சுருங்கியது யாருடைய கண்ணிலும் படாது. திரவத்தை எப்போது, எவ்வளவு சேர்த்தீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள்.

கல்முனை, ஒலுவில், வாழைச்சேனை போன்ற கரையோர இடங்களில் உப்புக் காற்று கேஜ்களின் உட்பாகத்தை அரித்து, முள்ளை ஒரே இடத்தில் ஒட்டவைத்துவிடுவதுண்டு. ஆகவே நாட்கணக்கில் அசையாத முள்ளை நம்பி எழுத வேண்டாம். கேஜின் வால்வை மூடி, அதன் பக்கத்து அமுக்கத்தை மட்டும் வெளியேற்றி, முள் பூச்சியத்துக்கு வருகிறதா என்று பாருங்கள்; மீண்டும் திறக்கும்போது அதே அளவுக்கு ஏறினால் அந்த வாசிப்பைப் புத்தகத்தில் எழுதலாம், ஏறாவிட்டால் கேஜை மாற்றிய பிறகே அடுத்த ஷிஃப்டிடம் பம்பியை ஒப்படையுங்கள்.